‘அப்பா புத்தி’ எனக்கும் வந்துவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 31. வீடு கடலூர் முதுநகர். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிஃப்ட் ஆபரேட்டராக இருக்கிறேன். அப்பா குடித்துக் குடித்தே கல்லீரல் கெட்டு 46 வயதில் போனார். அவர் மாதிரி ஆகக் கூடாது என்று 23 வயது வரை பாட்டிலைத் தொடவில்லை. நண்பன் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி புதுச்சேரியில் முதல்முறை குடித்தேன். எல்லோரும் மட்டையான பிறகும் நான் ஸ்டெடியாக நின்று ஒவ்வொருவரையும் ரூமில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன். அன்றிலிருந்து நண்பர்களிடம் எனக்குப் பெயர் ‘டேங்க்’. நடுவில் மூன்று வருடம் ஆன்லைன் ரம்மி. ஒரு லட்சத்து எண்பதாயிரம் போனது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை வந்ததும் ரம்மி நின்றது, குடி கூடியது. வீக் ஆஃப் அன்று வண்டிக்குப் பெட்ரோல் போடப் புதுச்சேரி எல்லையிலிருக்கும் முள்ளோடைக்குப் போவேன், அங்கே விலை குறைவு. போனால் குடிக்காமல் திரும்புவதில்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள் என்று ஆகிவிட்டது. ஆனால் போன கார்த்திகையில் முதல்முறையாக மாலை போட்டு 48 நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தபோது நாலு நாள் படகில் ஆட்களை ஏற்றி இறக்கினேன். குடி நினைப்பே வரவில்லை. மனைவி ‘உங்க அப்பா புத்தி’ என்கிறாள். இது ரத்தத்தில் வந்ததா? டெஸ்ட் எடுத்துப் பார்க்க முடியுமா? எனக்கு நாலு வயதில் மகன் இருக்கிறான். அவனுக்கும் வருமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று கேள்விக்கும் வருகிறேன். அதற்கு முன் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டும். குடிக்காத நாளின் காலையில் கை நடுங்குகிறதா? டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கிறதா? காரணமில்லாமல் வேர்த்துக் கொட்டுவது, வாந்தி வருகிற மாதிரி இருப்பது, கொஞ்சம் ஊற்றிக்கொண்டால் அது சரியாகிவிடுவது, இப்படி ஏதாவது உண்டா? உண்டு என்றால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உணர்ச்சிவசப்பட்டு நாளையிலிருந்தே நிறுத்திவிடாதீர்கள். உடம்பு குடிக்குப் பழகிவிட்டவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியெல்லாம் சுவரில் ஊர்வதாகத் தெரியலாம். உயிருக்கே ஆபத்தான நிலை அது. மருந்தோடும் வைட்டமின் பி1 ஊசியோடும் நிறுத்தினால் பெரும்பாலும் அமைதியாகக் கடந்துவிடும். போன கார்த்திகையில் சிக்கலில்லாமல் நிறுத்தினேனே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அப்போது குடித்த அளவும் இப்போது குடிக்கிற அளவும் ஒன்றா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

சரி, ரத்தத்துக்கு வருவோம்.

டென்மார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது, 1973இல் வெளிவந்தது. குடிநோயாளிகளுக்குப் பிறந்து, கைக்குழந்தையிலேயே வேறு வீட்டுக்குத் தத்துப் போன ஆண் பிள்ளைகளைத் தேடிப் பிடித்தார்கள். பெற்ற அப்பாவின் முகமே பார்க்காதவர்கள், அவர் குடித்துப் பார்த்திராதவர்கள். 55 பேரில் 10 பேர் வளர்ந்த பிறகு குடிநோயாளி ஆகியிருந்தார்கள். அப்படிப்பட்ட பெற்றோர் இல்லாத தத்துப் பிள்ளைகள் 78 பேரில் ஆனவர்கள் 4 பேர்தான். ஆக, ரத்தத்தில் ஏதோ வருகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பிறகு வந்த இரட்டையர் ஆய்வுகளும் ஏறத்தாழ பாதிக்குப் பாதி என்றே சொல்கின்றன. பாதி பரம்பரை, மீதி வளர்ந்த இடமும் சேர்ந்த ஆட்களும் நடந்த சம்பவங்களும்.

ஆனால் அந்த 55இல் மிச்சம் 45 பேர் இருக்கிறார்கள் பாருங்கள். அவர்களைப் பற்றி யாரும் டீக்கடையில் பேசுவதில்லை. குடிகாரனுக்குப் பிறந்து குடிக்காதவன் நம் தெருவிலும் நிறையப் பேர் உண்டு. ‘அப்பனை மாதிரியே’ என்ற பேச்சு எழும்போது அவர்கள் கணக்கில் வருவதில்லை.

அப்படியானால் வருவது என்ன? குடி என்று ஒரு தனிச் சரக்கு ரத்தத்தில் ஓடுவதில்லை. உடம்பின் சில கூறுகளும் மனசின் சில குணங்களும் வருகின்றன. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் ‘டேங்க்’. நண்பர்கள் பெருமையாக வைத்த பெயர், நீங்களும் கொஞ்சம் பெருமையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் சாய்ந்த அளவுக்கு மேலே குடித்தும் சாயாமல் நிற்பது பலம் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். ஆராய்ச்சி நேர்மாறாகச் சொல்கிறது. அமெரிக்காவில் மார்க் ஷக்கிட் என்ற மனநல மருத்துவர், குடிநோயாளிகளின் மகன்களாக இருந்த இளைஞர்களுக்கு அளந்து மதுவைக் கொடுத்து, யாருக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார். சுமார் பத்து வருடம் கழித்து அவர்களைத் திரும்பத் தேடிப் போனார். அன்றைக்குப் பெரிதாகப் போதை ஏறாதவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளி ஆகியிருந்தார்கள். சீக்கிரம் தலை சுற்றியவர்களில் 14 சதவீதம் பேர்தான்.

காரணம் எளிது. ஒருவருக்கு இரண்டாவது கிளாஸிலேயே தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, ‘போதும்பா’ என்று எழுந்துவிடுகிறார். அந்த அலாரம் உங்களுக்கு மெதுவாக அடிக்கிறது. அது அடிப்பதற்குள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உள்ளே போயிருக்கும். கல்லீரல் மட்டும் அந்தக் கணக்கில் சலுகை காட்டுவதில்லை, போனதை எல்லாம் அதுதான் எண்ணி வைத்துக்கொள்கிறது. உங்கள் அப்பாவும் ‘எவ்வளவு குடித்தாலும் தெரியாது’ என்று பேர் வாங்கியவரா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை.

டெஸ்ட் உண்டா என்றால், ரத்தத்தை எடுத்து ‘இவன் குடிகாரன் ஆவான், இவன் ஆகமாட்டான்’ என்று சொல்லும் பரிசோதனை கிடையாது. அப்படி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதேபோல ‘அடிமையாகும் குணம்’ என்று ஒரே ஒரு குணமும் கிடையாது. பல காலமாகத் தேடியும் அப்படி ஒன்று சிக்கவில்லை. சிக்கியது நாலு வேறு வேறு வாசல்கள். கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் அதற்காக 23 கேள்விகள் கொண்ட ஒரு சிறிய படிவமே வைத்திருக்கிறார்கள். அதில் ஜெயிப்பதும் தோற்பதும் இல்லை, எந்த வாசல் திறந்திருக்கிறது என்று மட்டும் காட்டும்.

ஒன்று, எதுவும் தேறாது என்ற உள்சோர்வு. இவர்கள் மறக்கக் குடிக்கிறார்கள். இன்னொன்று, பயத்துக்கே பயப்படுவது. நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடித்தால் ‘ஹார்ட் அட்டாக்’ என்று பதறி, அதை அடக்க ஒரு கட்டிங், இல்லாவிட்டால் ஒரு மாத்திரை. இந்த இரண்டும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. நேரில் பார்க்கிறவர் தோண்டிக் கேட்கட்டும். அப்பா போன பிறகு எத்தனை வருடம் ஆனாலும் சில பேருக்கு அந்தச் சோர்வு அடியில் கிடக்கும்.

உங்களிடம் பளிச்சென்று தெரிவது மற்ற இரண்டு. எடுத்தேன் கவிழ்த்தேன் என்கிற குணம். அப்புறம், சும்மா இருந்தால் உடம்பு அரிக்கிற குணம். பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் இவை இரண்டும் வேறு. முதலாவதில் கோளாறு பிரேக்கில். கை போன பிறகுதான் யோசனை வரும். இரண்டாவதில் பிரேக் சரியாகவே இருக்கலாம், என்ஜின்தான் பெரியது. சாதாரண வேகத்தில் ஓட்டினால் தூக்கம் வந்துவிடும். பெரிய என்ஜினும் தேய்ந்த பிரேக்கும் ஒரே வண்டியில் இருப்பதுதான் உங்கள் நிலைமை என்று நினைக்கிறேன்.

ரம்மியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரம்மியும் பிராந்தியும் கடையில் வேறு வேறு சரக்கு, உங்கள் வீட்டுக்குள் வந்தது ஒரே வாசல் வழியாக. பணம் கட்டிய சில நிமிடத்தில் முடிவு தெரிகிறது. எப்போது ஜெயிக்கும் என்று தெரியாது, ஆனால் எப்போதாவது ஜெயிக்கிறது. ஒரே ஒரு சீட்டில் தவறிப் போகிறது, ‘அடுத்த ஆட்டத்தில் எடுத்துடலாம்’ என்று தோன்றுகிறது. பெரிய என்ஜினுக்கு இதைவிட ருசியான தீனி கிடையாது. தடை வந்து அந்தக் கதவு மூடியதும் உங்கள் மனசு சும்மா உட்காரவில்லை, பக்கத்துக் கதவைத் தள்ளியது. நாளைக்குக் குடியை மட்டும் பிடுங்கி எறிந்துவிட்டு வெறுமனே உட்கார்ந்தால் கூல் லிப் புகையிலையோ மூன்று நம்பர் லாட்டரியோ வந்து சேரும். என் அறையில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது.

இந்த இடத்தில் ஒரு பழைய தப்பைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யார் வந்தாலும் ‘மன உறுதி வேண்டும்’ என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கடல் தொழில் செய்கிற ஒருவர், என் அப்பா வயசிருக்கும், நிதானமாகக் கேட்டார்: “மூணு நாள் கண்ணை மூடாம வலை இழுக்கிறவன்மா நான். எனக்கா மன உறுதி இல்லைங்கிற?” என்னிடம் பதில் இல்லை. அவர் திரும்ப வரவும் இல்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை.

48 நாள் சொட்டுக்கூடத் தொடாதவருக்கு மன உறுதி இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்த 48 நாளை நீங்கள் ‘சாமி பயம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவீர்கள் என்று பயப்படுகிறேன். கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சாமி நம்பிக்கையைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த நாட்களுக்குள் எத்தனை ஏற்பாடு ஒளிந்திருக்கிறது என்று காட்டத்தான்.

விடியற்காலையில் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தீர்கள், அதனால் ராத்திரி சீக்கிரம் தூங்கினீர்கள். கறுப்பு வேட்டி கட்டியதும் ஊரில் எல்லோரும் உங்களைச் ‘சாமி’ என்றார்கள். ‘டேங்க்’ என்று கூப்பிட்டவனும்தான். அதே நண்பன் 48 நாளும் போன் பண்ணி ‘வர்றியா’ என்று கேட்கவில்லை. நீங்களே போயிருந்தாலும் ‘மாலையோட வராதடா’ என்று விரட்டியிருப்பான். சாயங்காலம் பஜனை இருந்தது, ஐந்து மணிக்கு மேல் என்ன செய்வது என்ற கேள்வியே இல்லை. குருசாமி என்று ஒருவர் இருந்தார், தப்பு நடந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: ‘இன்றைக்குக் குடிக்கலாமா, வேண்டாமா’ என்று அந்த 48 நாளில் ஒரு தடவைகூட நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை. முடிவு முதல் நாளே எடுத்தாயிற்று, கழுத்தில் தொங்குகிறது. எடுத்தேன் கவிழ்த்தேன் குணக்காரருக்கு ஆபத்தே அந்தந்த நேரத்தில் முடிவெடுப்பதில்தான். மாலை அந்த வேலையை உங்களிடமிருந்து வாங்கிக்கொண்டது.

கழற்றியபோது என்ன ஆனது? மாலை மட்டுமா இறங்கியது? விடியற்காலை, பஜனை, குருசாமி, ‘சாமி’ என்ற பெயர், எல்லாம் ஒரே நாளில் இறங்கிவிட்டது. அன்று சாயங்காலமே நண்பனின் போன் அடித்திருக்கும்.

இடம் மாறினால் ஆள் எவ்வளவு மாறுகிறான் என்பதற்கு இன்னொரு சாட்சி. வியட்நாம் போருக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். 1971இல் ஊருக்குத் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தொடர்ந்து பார்த்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில், திரும்பி வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவுதான். ஊரே அப்போது ஆச்சரியப்பட்டது, சிலர் நம்பவே மறுத்தார்கள். ஹெராயின் அதே ஹெராயின். காடும் பயமும் கூட்டாளிகளும் மட்டும் மாறியிருந்தார்கள். இதை ‘இடத்தை மாற்று, எல்லாம் சரியாகும்’ என்று படிக்க வேண்டாம். உங்களால் முதுநகரை விட்டுப் போக முடியாது, போகவும் வேண்டாம். வீக் ஆஃப் சாயங்காலத்தை மாற்ற முடியும்.

அந்தச் சாயங்காலத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நான் ஊகிக்கிறேன், தப்பென்றால் திருத்திக்கொள்ளுங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்து படுத்து, மதியம் மூன்று மணிக்கு எழுந்திருப்பீர்கள். தூக்கம் பாதி, வயிறு காலி. வீட்டில் பையன் தூங்குகிறான். கதவுக்குப் பக்கத்தில் கொக்கியில் வண்டிச் சாவி தொங்குகிறது. மீட்டரில் பெட்ரோல் முள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ‘பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்’ என்று சட்டையை மாட்டுகிறீர்கள். அந்த நொடியில் நீங்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே பெட்ரோல்தான் மனசில் இருக்கிறது. மஞ்சக்குப்பம் தாண்டி, ஆல்பேட்டை தாண்டி, பெண்ணையாற்றுப் பாலத்தில் ஏறும்போது காற்று முகத்தில் அடிக்கிறது. அங்கேதான் நினைப்பு லேசாகத் திரும்புகிறது. முள்ளோடையில் பங்க், பக்கத்தில் கடை. கையில் காசு வேண்டியதில்லை, போனைக் காட்டினால் போதும்.

இந்தச் சங்கிலியில் பிரேக் போட மிக மோசமான இடம் கடை வாசல். எல்லோரும் அங்கேதான் பிரேக் போடப் பார்க்கிறார்கள், தோற்ற பிறகு தன்னையே திட்டிக்கொள்கிறார்கள். சுலபமான இடம் கொக்கி. அதற்கும் முன்னால் தூக்கம். தூக்கம் குறைந்த மூளையில் முதலில் தளர்வது பிரேக்தான். நைட் ஷிஃப்ட் முடிந்த அன்று ஜன்னலுக்குக் கெட்டித் திரை, போன் அணைப்பு, எழுந்ததும் முதலில் சாப்பாடு. வயிறு நிறைந்திருந்தாலே பாதி அவசரம் குறையும். நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இது எப்போதோ தெரியும், நாங்கள்தான் லேட்டாகக் கண்டுபிடித்தோம்.

அடுத்தது பணம். சம்பளம் வரும் கணக்கு வேறு, போனில் பணம் அனுப்பும் கணக்கு வேறு என்று பிரித்துவிடுங்கள். போன் கணக்கில் வாரச் செலவுக்கு மட்டும். சம்பளக் கணக்கின் ஏடிஎம் கார்டு வீட்டுப் பீரோவில். மனைவி உங்களைக் கண்காணிக்கிறார் என்று இதை நினைக்க வேண்டாம், நினைத்தால் இரண்டு வாரத்தில் சண்டையில் முடியும். தெளிவாக இருக்கும் நீங்கள், தெளிவில்லாத உங்களுக்கு முன்கூட்டியே போடுகிற தடை இது. கை நீளும் வேகத்துக்கும் பணம் போகும் வேகத்துக்கும் நடுவில் ஒரு கால் மணி நேரம் கிடைத்தால் போதும். ஆசை என்பது அலை மாதிரி, ஏறி உச்சிக்குப் போய் இறங்கும். பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். தேவனாம்பட்டினத்துக் கரையில் நின்றவருக்கு அதைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம், பதிலை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நண்பன் போன் பண்ணினால் என்ன சொல்வீர்கள் என்பதை வார்த்தைக்கு வார்த்தை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். ‘டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார், கலந்தா ஆபத்துன்னுட்டார்’ என்பது நம் பக்கம் நன்றாக வேலை செய்கிறது. மாத்திரை நிஜமாகவே வாங்கினால் பொய்யும் ஆகாது. குடி ஆசையைக் குறைக்க, திரும்ப விழாமல் தடுக்க மருந்துகள் இருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்பதைக் கல்லீரல் பரிசோதனை பார்த்து மனநல மருத்துவர் முடிவு செய்வார். நான் மருந்து எழுதுகிறவள் இல்லை, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள்: ‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கிற பொடியை வாங்கவே கூடாது. சிலவற்றில் இருக்கும் மருந்தோடு மது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

பெரிய என்ஜினுக்குத் தீனி போடாமல் எந்த ஏற்பாடும் நிற்காது. ‘வீட்டோட இரு, கோயில் குளம்னு போ’ என்று உங்களுக்கு அறிவுரை சொல்பவர்கள் நல்லவர்கள், ஆனால் உங்களைத் தெரியாதவர்கள். படகில் இருந்த அந்த நாலு நாளை நினைத்துப் பாருங்கள். சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து ஆறு கரை மீறியபோது மற்றவர்கள் மொட்டை மாடியில் நின்றார்கள், நீங்கள் கயிற்றைப் பிடித்தீர்கள். தூக்கமில்லை, சாப்பாடு ஏதோ ஒரு பொட்டலம், குடி நினைப்பே இல்லை. உங்களை முள்ளோடைக்கு இழுக்கிற அதே குணம்தான் அன்றைக்குப் படகில் ஏற்றியது. உங்கள் கம்பெனி மாதிரி கெமிக்கல் தொழிற்சாலைகளில் தீ, கசிவு நேரத்துக்கென்று அவசரகாலக் குழு இருக்கும். போய்ப் பெயர் கொடுங்கள். பயிற்சி உண்டு, ஒத்திகை உண்டு. முந்தின ராத்திரி குடித்துவிட்டு மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு ஓட முடியாது என்பது கூடுதல் லாபம். கபடி, நீச்சல், எதுவானாலும் சரி. கொஞ்சம் ஆபத்தும் கொஞ்சம் போட்டியும் கூட்டமும் இருக்க வேண்டும், வீக் ஆஃப் அன்று ஐந்து மணிக்கு ஆரம்பிக்க வேண்டும். இதற்கே வெறியாகிவிடுவீர்களோ என்று கேட்டால், ஆகலாம். முட்டி தேயும், கல்லீரல் தேறும். அந்த வியாபாரத்துக்கு நான் ஒப்புக்கொள்வேன்.

குருசாமி இடத்துக்கும் ஓர் ஆள் தேவை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன, குடியை விட்டவர்களே நடத்துவது, காசு கேட்பதில்லை. அது ஒத்துவராவிட்டால் குடிக்காத ஒரு சீனியர் ஆபரேட்டர், ஒரு மாமா, யாராவது. தப்பு நடந்தால் மறைக்காமல் அவரிடம் சொல்ல வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை. தப்பு நடக்கவும் நடக்கும். நடந்தால் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டாம், சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனது என்று பாருங்கள். நாள் கணக்கில் தொடாமல் இருந்துவிட்டுப் பழைய அளவை அப்படியே குடித்தால் உடம்பு தாங்காது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ‘டேங்க்’ அப்போது டேங்காக இருக்காது, திரும்ப வண்டி ஓட்ட வேண்டிய சாலையோ ராத்திரியில் லாரி ஓடுகிற சாலை.

இனி பையன். நாலு வயதில் துறுதுறுவென்று இருப்பான் என்று ஊகிக்கிறேன், நீங்கள் எழுதவில்லை. அவனுக்கு வருமா என்பதற்கு மேலே சொன்ன டென்மார்க் கணக்கே பதில். வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான், விதி இல்லை. உங்கள் கையில் இருப்பதில் பெரியது, அவன் முதல்முறை குடிக்கும் வயதைத் தள்ளிப்போடுவது. அமெரிக்காவில் 1997இல் வந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதம் பேர் பின்னாளில் அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் 10 சதவீதம் பேர். சின்ன வயதில் தொடங்குவதே காரணமா, சின்ன வயதில் தொடங்குகிற பிள்ளைகளின் குணமே வேறா என்ற வாதம் இன்னும் உண்டு. தள்ளிப்போட்டால் நஷ்டம் எதுவும் இல்லை என்பதால் எனக்கு அந்த வாதம் முக்கியமாகப் படவில்லை. நம் பக்கம் இன்னொரு கஷ்டம். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது வேண்டும், பாலம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போனால் 18 போதும். கல்லூரியில் கால் வைக்கிற பையனுக்கு அந்த மூன்று வருடம் பெரிய வித்தியாசம்.

அதெல்லாம் பிற்பாடு. இப்போதைக்கு, நீங்கள் குடிக்கும்போது தண்ணீர், மிக்சர் எடுத்து வரச் சொல்லி அவனை அனுப்பாதீர்கள். அப்படியே ‘தாத்தா மாதிரியே இருக்கான்’ என்ற பேச்சையும் வீட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். முகத்தைச் சொன்னால் சரி, குணத்தைச் சொன்னால் குழந்தை அதை வேலையாக எடுத்துக்கொள்ளும். உங்களிடமும் ‘அப்பா புத்தி’ என்ற சொல் அதைத்தான் செய்கிறது. ‘எப்படியும் அவர் மாதிரிதானே ஆகப்போகிறேன்’ என்று மூன்றாவது கிளாஸுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது. மனைவி கோபத்தில் சொல்கிறார், அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. கோபம் இல்லாத நேரத்தில் ‘இந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிடு’ என்று கேட்டுப் பாருங்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் ‘ஒரு இடத்தில் உட்காருவதில்லை, எதையும் முடிப்பதில்லை’ என்று திரும்பத் திரும்பப் புகார் வந்தால், அடிக்காமல் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கவனக்குறைவும் துறுதுறுப்பும் ஒரு கோளாறாகவே இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் பின்னாளில் போதைக்கு அதுவும் ஒரு வாசல். அதற்கான மருந்து பிள்ளையைப் போதைக்கு இழுத்துவிடும் என்ற பயம் வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

போக வேண்டிய இடம்: கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும், சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உண்டு. ஜிப்மருக்குப் போவதானால் முள்ளோடை வழியாகத்தான் போக வேண்டும், அதனால் முதல் தடவை பஸ்ஸில் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416க்குப் பேசலாம். மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை, எந்த நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. கை நடுக்கம் பற்றி முதலில் கேட்டேன் அல்லவா, அதற்கான பதிலை எனக்கு எழுத வேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைக்காமல் சொல்லுங்கள்.

பெட்ரோலை இனிமேல் கடலூரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். லிட்டருக்குச் சில ரூபாய் கூடத்தான் ஆகும்.